கெட்டிலுக்கு முன்னால் யாரும் போகக் கூடாது

டல்சி பார்டி சமையலறைத் தரை முழுக்கச் சாமான்களைப் பரப்பி வைத்துக்கொண்டு நடுவில் உட்கார்ந்திருந்தாள். அவள் கணவன் ஹெட்லி ஜன்னலோர நாற்காலியில் சாய்ந்து, மாவுக்கட்டுப் போட்ட காலை இன்னொரு நாற்காலியின் மேல் நீட்டி, அங்கிருந்தே உத்தரவு போட்டுக்கொண்டிருந்தான். போன மாதம் கொட்டகைக் கூரையிலிருந்து விழுந்தவன். கால் எலும்பு முறிந்ததே தவிர, வாய்க்கு ஒன்றும் ஆகவில்லை.

"கயிற அடியில வைக்காத. சதுப்புல மாட்டிக்கிட்டா பெட்டி பூரா கொட்டிட்டா தேடுவ?"

"மேலதான் வெச்சிருக்கேன். கண்ணாடியப் போட்டுக்கிட்டுப் பேசு."

"ரம்பத்துக்கு எண்ணெய்?"

"இருக்கு."

"பைக்குக்கு மாத்து பெல்ட்டு?"

"ஹெட்லி, நம்ம கல்யாணத்துக்கு அடுத்த வருஷத்துலேருந்து இந்தப் பெட்டிய யாரு அடுக்குறா? நீயா, நானா?"

ஹெட்லி ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். வெளியே மழை. ஒரு வாரமாக விடாத மழை. நியூஃபவுண்ட்லாந்தில் அக்டோபர் என்றால் அப்படித்தான். அதற்காக யாரும் வண்டியைக் கொட்டகையில் பூட்டி வைப்பதில்லை.

ஒவ்வோர் அக்டோபரிலும் ஊரிலிருந்து ஐந்தாறு நாலு சக்கர பைக்குகள் சேர்ந்து கிளம்பும். தண்டவாளத்தைப் பிடுங்கிவிட்டுப் போன பழைய ரயில் பாதையில் பாதித் தூரம். அதன் பிறகு காட்டுக்குள் திரும்பி, பாறையும் சேறும் வேருமாக மீதித் தூரம். கடைசியில் பெரிய குளத்தின் கரையில் எல்லோருக்கும் பொதுவான மரக்குடில். பனி விழுவதற்குள் அதன் ஜன்னல்களை அடைத்து, விறகு அடுக்கி, ஒரு ராத்திரி தங்கிச் சாப்பிட்டுக் கதை பேசிவிட்டு வருவார்கள். வருஷத்தில் வேறு எந்த நாளை விட்டுக்கொடுத்தாலும் இதை யாரும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள்.

இந்தப் பயணத்துக்கு ஒரே ஒரு சட்டம் உண்டு. கெட்டிலுக்கு முன்னால் யாரும் போகக் கூடாது. டீ போடும் அந்தக் கறுத்த கெட்டில் யார் வண்டியில் இருக்கிறதோ அந்த வண்டிதான் முதலில் போகும். அது போகிற வழியில் மற்றவை போகும்; அது நின்றால் எல்லாம் நிற்கும்; அது திரும்பினால், குடிலின் கூரை கண்ணுக்குத் தெரிந்தாலும் திரும்பிவிட வேண்டும். இந்தச் சட்டத்தை யார் போட்டது என்று கேட்டால் ஒருத்தருக்கும் தெரியாது. ஆனால் அதை மீறியவன் என்று ஒரு பெயரும் எங்கள் ஊரில் கிடையாது.

கெட்டில் பார்டி வீட்டுக் கெட்டில். இத்தனை வருஷமும் ஹெட்லியின் பைக்கில்தான் போனது. அவனுக்குப் பின்னால் இருக்கையில் டல்சி போனாள். அவளுக்கென்று சொந்தமாகச் சிவப்பு பைக் ஒன்று வாங்கி, பெர்ரி பறிக்கவும் விறகு இழுக்கவும் நாலு வருஷமாக ஓட்டுகிறாள். இருந்தாலும் இந்த ஒரு பயணத்துக்கு மட்டும் புருஷன் முதுகைப் பார்த்தபடிதான் போய் வந்தாள். இந்த வருஷம் அவன் வர முடியாது. கெட்டில் அவள் வண்டியில் போகும். அவள் முன்னால் போவாள். கால் முறிந்த சேதி ஆஸ்பத்திரியில் கேட்டபோது, பாவம் ஹெட்லி என்று மனசார வருத்தப்பட்டாள். வருத்தப்பட்ட கையோடு இதையும் நினைத்துக்கொண்டாள். அதில் அவளுக்குக் கொஞ்சம்கூட வெட்கமில்லை.

கதவைத் தட்டாமல் உள்ளே வந்தான் கார்லண்ட், ஹெட்லியின் தம்பி. வாசலிலேயே நின்று தரையைப் பார்த்துச் சிரித்தான்.

"என்ன அண்ணி, வீடு மாத்துறீங்களா?"

"உன் வீட்டுக்குத்தான் வர்றேன். எடம் ஒழிச்சு வை."

அவன் குனிந்து ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தான். இழுக்கிற பட்டைக் கயிறு இரண்டு இருந்தது. "எதுக்கு ரெண்டு? ஒண்ணு பத்தாதா?" என்றான். ஹெட்லியின் கம்பளிக் காலுறைகள் பிளாஸ்டிக் பையில் சுற்றி வைத்திருந்தன. "அண்ணனே வரல, அவன் காலுறை எதுக்கு வருது?" என்றான். கடைசியாக ஒரு கோணிப் பையைத் திறந்தான். உள்ளே பிர்ச் மரப்பட்டையும் மெல்லிசாகச் சீவிய காய்ந்த சிராய்களும். அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தான்.

"காட்டுக்குப் போறாங்க, கையில வெறகு கொண்டு போறாங்க! ஹெட்லி, இதப் பாரேன்!"

ஹெட்லியும் சிரித்தான். அதுதான் டல்சிக்குச் சுருக்கென்றது. வருஷா வருஷம் அதே கோணிப் பையிலிருந்து சிராய் எடுத்துத்தான் அவன் ஈரக் காட்டில் நெருப்புப் பற்ற வைத்தான். பை எப்படிப் பெட்டிக்குள் வந்தது என்று ஒரு நாளாவது யோசித்திருப்பானா?

"அண்ணி, நான் ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க," என்றான் கார்லண்ட். "வழி மோசமா கெடக்கு. நீங்க எதுக்குத் தனியா ஓட்டிக்கிட்டு? வெர்னா என் பின்னாடி வர்றா. நீங்க அம்ப்ரோஸ் மாமா பின்னாடி உக்காந்துக்கோங்க."

"அம்ப்ரோஸ் மாமா பின்னாடி அவர் நாய் உக்காரும். அத எறக்கிவிட்டுட்டு என்னை ஏத்தச் சொல்றியா?"

"நாய நான் வெச்சுக்கறேன்."

"நாய் சம்மதிக்கணுமே," என்று சொல்லி டல்சி எழுந்தாள். இன்னும் கொஞ்சம் உட்கார்ந்திருந்தால் பெட்டியில் வைக்கக் கையில் எடுத்திருந்த கோடாலியால் ஏதாவது செய்துவிட்டுப் பின்னால் வருத்தப்பட வேண்டியிருக்கும். "டயருக்குக் காத்தடிக்கப் போறேன். இருந்து டீ குடிச்சிட்டுப் போறதா இருந்தா நீயே போட்டுக்கோ."

கொட்டகையில் அவள் டயரைப் பார்த்தாள், எண்ணெய் பார்த்தாள், வண்டியின் மூக்கில் இருந்த, மாட்டிக்கொண்ட வண்டியை இழுக்கும் வின்ச் கம்பியை இழுத்து விட்டுச் சுற்றிப் பார்த்தாள். திரும்பி வந்தபோது கார்லண்ட் போய்விட்டிருந்தான். ஹெட்லி கண்ணை மூடிக்கொண்டு தூங்குகிற மாதிரி இருந்தான். அது நடிப்பு என்று அப்போது அவளுக்குத் தோன்றவில்லை. பெட்டியைக் கட்டி முடித்துவிட்டுப் படுக்கப் போனாள்.

மறுநாள் காலையில் டீத்தூள் பைகளையும் தீப்பெட்டியையும் மாத்திரை டப்பாவில் போட்டு மூடிய உப்பையும் கையில் எடுத்துக்கொண்டு அடுப்படிக்கு வந்தாள். இதுதான் கடைசி வேலை. கிளம்புகிற நேரத்தில் இவற்றைக் கெட்டிலுக்குள் போட்டு, மூடியைக் கம்பியால் கட்டி, மாவு சாக்கில் சுற்றிப் பெட்டியின் தலைமாட்டில் வைப்பாள். முன்கூட்டியே போட்டால் தீப்பெட்டி நமத்துவிடும்.

அடுப்புக்குப் பக்கத்தில் மாவு சாக்கு இருந்தது. கெட்டில் இல்லை.

அவள் சுற்றுமுற்றும் தேடினாள். பிறகு தேடுவதை நிறுத்திவிட்டு ஹெட்லியைப் பார்த்தாள். அவன் மாவுக்கட்டில் பார்க்க வந்தவர்கள் எழுதிவிட்டுப் போன பெயர்களை ரொம்ப அக்கறையாகப் படித்துக்கொண்டிருந்தான்.

"எங்க?"

"கார்லண்ட்கிட்ட குடுத்தேன்."

"நீ குடுத்தியா? அவன் எடுத்தானா?"

"நான்தான் குடுத்தேன், டல்சி. அவன் கேட்டான், நான் குடுத்தேன். மழை இப்படி ஊத்துது. முன்னாடி போறதுன்னா சும்மா இல்ல. எல்லாரும் பின்னாடி வருவாங்க. நீ ஒண்ணு தப்பா முடிவெடுத்தா…"

"எடுத்தா?"

"கீழ விழுந்தா?"

"விழுந்தா எந்திரிப்பேன். நீ கூரையிலேருந்து விழுந்தப்ப உன்கிட்டேருந்து கொட்டகையப் பிடுங்கி யாருக்காவது குடுத்தேனா?"

டல்சிக்குக் கார்லண்ட் சிரித்தது வலிக்கவில்லை. அவன் பிறந்ததிலிருந்து அப்படித்தான். ஆனால் இவன், அவள் அடுக்கிய பெட்டியை நம்பி வருஷா வருஷம் காட்டுக்குள் போனவன், முதுகுக்குப் பின்னால் கெட்டிலை எடுத்துக் கொடுத்திருக்கிறான். அழுதால் அதுவே அவர்களுக்கு ஒரு காரணமாகிவிடும் என்று அவள் அழவில்லை.

பின்கதவோரம் துணி கிளிப்புகள் போட்டு வைக்கும் பெரிய தக்காளி ஜூஸ் டின் இருந்தது. அதைத் தூக்கி வந்து ஹெட்லியின் மடியில் கவிழ்த்தாள். கிளிப்புகள் அவன் மடியிலும் மாவுக்கட்டு இடுக்கிலும் சொரிந்து விழுந்தன.

"ஏய், என்ன பண்ற?"

அவள் டின்னைத் தேய்த்துக் கழுவினாள். ஆணியை வைத்து விளிம்பில் இரண்டு பக்கமும் ஓட்டை போட்டாள். வேலிக் கம்பியை வளைத்துக் கைப்பிடி மாட்டினாள். டீயும் தீப்பெட்டியும் உப்பும் அதற்குள் போயின. அதைத் தூக்கிக்கொண்டு, கதவைச் சாத்தக்கூடச் செய்யாமல், வெளியே போனாள்.

பழைய ரயில் நிலையம் இருந்த இடத்தில் எல்லா வண்டிகளும் காத்திருந்தன. முதல் வண்டி கார்லண்டுடையது. கெட்டிலை முன்பக்கக் கம்பித் தட்டின் மேல், ஊரே பார்க்கும்படி கட்டி வைத்திருந்தான். அவனுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த அவன் மனைவி வெர்னா டல்சியைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டாள். ஸ்டக்லெஸ் வீட்டு அண்ணன் தம்பிகள் இருவரும் இல்லாத அழுக்கைத் தேடித் தங்கள் வண்டிகளைத் துடைத்தார்கள். எல்லோரிலும் வயதில் மூத்த அம்ப்ரோஸ் மட்டும் நாயைத் தடவிக்கொண்டே பேச ஆரம்பித்தார்.

"கண்ணு, கெட்டிலு வந்து…"

"பாத்தேன் மாமா."

அவள் டின்னைத் தன் வண்டியின் முன்தட்டில், அதே மாதிரி ஊரே பார்க்கும்படி கட்டினாள்.

"என்னக்கா அது, தக்காளி ஜூஸா?" என்றான் சின்ன ஸ்டக்லெஸ்.

"குடிக்கிறப்பத் தெரியும்."

ரயில் பாதை முழுக்க அவள் கெட்டிலுக்குப் பின்னால்தான் போனாள். சட்டம் சட்டம்தான். வரிசையில் இரண்டாவதாகப் போய், கார்லண்டின் சக்கரம் வாரி அடித்த சேற்றையெல்லாம் தலைக்கவசத்தில் வாங்கிக்கொண்டு, ஒரு தடவைகூட பின்தங்காமல் போனாள். காட்டுக்குள் திரும்பிய பிறகு பாறை மேட்டில் ஸ்டக்லெஸ் சகோதரர்கள் திணறினார்கள். அவள் எழுந்து நின்று, உடம்பை முன்னால் சாய்த்து, ஏறிப் போனாள். கோபத்தில் இருக்கும்போது அவள் இன்னும் நன்றாக ஓட்டுவாள்.

சதுப்பின் ஓரத்தில் வழி இரண்டாகப் பிரியும். வலது பக்கம் மேட்டைச் சுற்றிக்கொண்டு போகிற நீள வழி. நேராகப் போனால் சதுப்பைக் குறுக்கே தாண்டி, குளத்தங்கரைக்குச் சீக்கிரம் போய்விடலாம். கார்லண்ட் வண்டியை நிறுத்தி, கையை நேராக நீட்டினான்.

"இப்படியே போறோம். போன வருஷம் ஹெட்லி இதுலதான் போனான்."

"போன வருஷம் மழையே இல்ல," என்றாள் டல்சி.

அவள் இறங்கி ஒரு நீளக் குச்சியை உடைத்து, புல்திட்டுக்கு நடுவில் குத்தினாள். குச்சி முழுக்க இறங்கி, அவள் கையுறையும் நனைந்தது. எல்லோரும் பார்த்தார்கள். கார்லண்டும் பார்த்தான். பார்த்தபின் அவன் பின்வாங்கியிருக்கலாம். ஆனால் இத்தனை பேர் முன்னால், அதுவும் இவள் சொல்லி, எப்படிப் பின்வாங்குவான்?

"வேகமா போனா மேலாப்ல போயிரலாம். ஏறுங்க எல்லாரும்."

"நான் வரல."

"அண்ணி, கெட்டிலு போகுது. வரணும்."

"நான் இங்க டீ போடப் போறேன்," என்றாள் டல்சி.

கோணிப் பையைத் திறந்தாள். காடே சொட்டிக்கொண்டிருந்தது. ஒரு சுள்ளி உலர்ந்ததாகக் கிடையாது. அவள் பிர்ச் பட்டையை உருட்டி வைத்து, காய்ந்த சிராய்களை மேலே சாய்த்து, ஒரே தீக்குச்சியில் பற்ற வைத்தாள். டின்னில் ஓடைத் தண்ணீரைப் பிடித்து நெருப்பில் வைத்தாள். ஸ்டக்லெஸ் சகோதரர்கள் கெட்டிலைப் பார்த்தார்கள், டின்னைப் பார்த்தார்கள்.

கார்லண்டுக்கு முகம் சிவந்தது. "டீ வேணும்னா அந்தப் பக்கம் போய்க் குடிக்கலாம்! கெட்டிலு என்கிட்ட இருக்கு!"

"கெட்டிலு உன்கிட்ட இருக்கு," என்றாள் டல்சி. "டீ என்கிட்ட இருக்கு. தெறந்து பாரு."

அவன் கெட்டிலை ஆட்டிப் பார்த்தான். சத்தம் வரவில்லை. மூடியைத் திறந்து உள்ளே பார்த்தான். வருஷா வருஷம் அண்ணன் கெட்டிலைத் திறப்பான், உள்ளே டீ இருக்கும், தீப்பெட்டி இருக்கும். கெட்டில்தான் அதையெல்லாம் பெற்றுப் போடுகிறது என்று அவன் நினைத்திருந்தான் போலும்.

முதலில் என்ஜினை அணைத்தது அம்ப்ரோஸ். அவர் பின்னால் இருந்த நாய்ப் பெட்டியைத் திறந்ததும் நாய் குதித்து நெருப்பை நோக்கி ஓடியது. ஸ்டக்லெஸ் வண்டிகள் அணைந்தன. கடைசியில் கார்லண்டின் முதுகுக்குப் பின்னாலிருந்து வெர்னா காலைத் தூக்கிக் கீழே இறங்கினாள்.

"நீ எங்க போற?"

"எனக்குக் குளுருது. நான் அக்காகிட்ட டீ குடிக்கிறேன்."

"வெர்னா!"

"நீ போ. நான் சுத்திக்கிட்டு வர்றேன்."

அதன் பிறகு அவனால் நிற்க முடியவில்லை. ஆக்ஸிலரேட்டரை முறுக்கிச் சதுப்பில் பாய்ந்தான். முதலில் நன்றாகத்தான் போனது. நடுவில் இருந்த பச்சைத் திட்டைத் தொட்டதும் முன்சக்கரங்கள் அமுங்கின, பின்சக்கரங்கள் வீணாகச் சுழன்றன, சேறு வானத்துக்குப் பறந்து அவன் மேலேயே இறங்கியது. என்ஜின் ஒரு தடவை இருமிவிட்டு நின்றது. கார்லண்ட் இடுப்பளவு சேற்றுக்கு நடுவில், கெட்டிலைக் கட்டிப்பிடித்தபடி, கரையைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தான்.

"கயிறு போடுங்க!" என்ற சத்தம் கொஞ்ச நேரம் கழித்துத்தான் வந்தது.

"டீ கொதிக்குது," என்று டல்சி கத்தினாள். "குடிச்சிட்டு வர்றேன்!"

குடித்தார்கள். டின் பால் ஊற்றிய கெட்டியான டீ, வெல்லப்பாகு ரொட்டி, நெருப்பில் வாட்டிய பலோனி இறைச்சி. ரொம்ப அவசரப்படாமல் குடித்தார்கள். வெர்னா இரண்டாவது குவளையும் வாங்கிக்கொண்டாள். அவளுக்கு அப்படிச் சிரிப்பு வந்து டல்சி இதுவரை பார்த்ததில்லை.

பிறகு டல்சி எழுந்து தன் வண்டியை ஒரு பெரிய ஸ்ப்ரூஸ் மரத்தோடு சேர்த்துக் கட்டினாள். வின்ச் கம்பி எட்டவில்லை. இரண்டு பட்டைக் கயிற்றையும் முடிந்து அதன் முனையில் சேர்த்தாள். அப்போது எட்டியது. ஸ்டக்லெஸ் தம்பி புல்திட்டுகள் மேல் தாவிப் போய்க் கொக்கியை மாட்டினான். வின்ச் முனகி முனகிச் சுற்ற, சதுப்பு மனசில்லாமல் வண்டியை விட்டது. கார்லண்டின் ஒரு பூட்ஸை மட்டும் வைத்துக்கொண்டது. தண்ணீர் வடிந்ததும் என்ஜின் ஒரு வழியாக மறுபடி கிளம்பியது.

அவன் கரையில் நின்று நடுங்கினான். டல்சி பிளாஸ்டிக் பையைப் பிரித்து ஹெட்லியின் காலுறைகளை அவனிடம் நீட்டினாள். சொல்ல வேண்டியதைக் காலுறையே சொன்னது. பையையும் கொடுத்து, காலில் சுற்றிக்கொள்ளச் சொன்னாள்.

அவன் காலுறையை மாட்டிக்கொண்டான். பிறகு கெட்டிலை எடுத்துச் சட்டையில் துடைத்து அவளிடம் நீட்டினான்.

"அண்ணி, இந்தாங்க. நீங்களே முன்னாடி போங்க."

எல்லோரும் அவள் கையைப் பார்த்தார்கள். இதற்காகத்தானே இத்தனையும் என்று நினைத்தார்கள். காலையில் கேட்டிருந்தால் டல்சியும் அப்படித்தான் நினைத்திருப்பாள். ஆனால் நீட்டிய கெட்டிலைப் பார்த்தபோது அவளுக்கு அதைத் தொடவே பிடிக்கவில்லை.

"வேணாம். உன் அண்ணன் உனக்குக் குடுத்தது. நீயே வெச்சுக்கோ," என்றாள். "ஆனா கடைசியில வா."

"கெட்டிலு கடைசியிலயா?"

"கெட்டிலு கடைசியில. என்கூட வர்றவங்க இதுக்குப் பின்னாடி வரலாம்."

கரி பிடித்து, இன்னும் ஆவி வந்துகொண்டிருந்த டின்னைத் தன் வண்டியின் முன்தட்டில் கட்டினாள். மேட்டு வழிப் பக்கமாக வண்டியைத் திருப்பி நிறுத்தி, திரும்பிப் பார்க்காமல் காத்திருந்தாள். சட்டத்தையே புரட்டிப் போட்டிருக்கிறாள் என்று அவளுக்குத் தெரியும். தனியாகப் போக வேண்டியிருந்தாலும் போயிருப்பாள்.

முதலில் அம்ப்ரோஸின் என்ஜின் கிளம்பும் சத்தம் கேட்டது. அது அவளைத் தாண்டி வரவில்லை. பின்னாலேயே நின்று உறுமிக்கொண்டிருந்தது. வெர்னா ஓடி வந்து டல்சியின் பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.

ஞாயிறு மாலை வீடு திரும்பியபோது ஹெட்லி அதே நாற்காலியில் இருந்தான். டல்சி முகத்தில் சேறு காய்ந்து வெடித்திருந்தது. டின்னை அவனுக்கு முன்னால் மேஜை மேல் வைத்தாள். டின்னில் சிவப்பு எழுத்து ஒன்றுகூடத் தெரியவில்லை. அடியிலிருந்து விளிம்புவரை கறுப்பு.

"சதுப்புல போகலியே?" என்றான் ஹெட்லி.

"நான் நின்னேன். எல்லாரும் நின்னாங்க. உன் தம்பி போனான்."

"கெட்டிலு?"

"அவன்கிட்டதான் இருக்கு. சதுப்புலேருந்து போறப்பவும் திரும்பி வர்றப்பவும் கடைசி வண்டியில வந்துச்சு."

ஹெட்லி டின்னின் கரியை விரலால் தொட்டுப் பார்த்தான். "நான் பயந்துட்டேன், டல்சி," என்றான். "நீ திரும்பி வரலேன்னா நான் இந்தக் கால வெச்சுக்கிட்டு எப்படித் தேடி வருவேன்னு."

"அத என்கிட்ட சொல்லியிருக்கணும். அவன்கிட்ட கெட்டிலக் குடுத்திருக்கக் கூடாது."

"ஆமா."

அவன் மாவுக்கட்டின் இடுக்கிலிருந்து ஒரு துணி கிளிப்பை நிமிண்டி எடுத்தான். மற்றவற்றைச் சட்டைப் பையிலும் மடியிலும் பொறுக்கி வைத்திருந்தான். கையளவு கிளிப்புகளோடு டின்னை நோக்கிக் கையை நீட்டினான்.

டல்சி டின்னைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"அதுக்கு வேற டின்னு பாரு."